கொல்லிமலைப் பயணத்திற்கான மலிவு விலை ராட்செட் ஸ்பேனர்கள்

ராட்செட் ஸ்பேனர் என்பது நட்டு, போல்ட்டுகளை ஒவ்வொரு திருப்புக்கும் கருவியைக் கழற்றி மாட்டாமல், கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்தே முடுக்கவும் தளர்த்தவும் உதவும் கைக்கருவி ஆகும். குறுகிய இடத்திலும் வேலை செய்யும் என்பதாலும், ஒரே கைப்பிடியில் பல அளவு சாக்கெட்டுகளை மாட்டலாம் என்பதாலும் பயணக் கருவிப்பைகளில் இது இடம்பிடித்துள்ளது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மலிவான ராட்செட்டுகளும் பயனுள்ளவையே. ஆனால் அவை வேகத்திற்கான கருவிகள், வலுவுக்கானவை அல்ல. இந்த வேறுபாட்டை அறிந்து வாங்கினால் குறைந்த செலவில் நம்பகமான கருவிப்பையை அமைக்கலாம்.

கொல்லிமலையும் கருவிப்பையும்

கொல்லிமலை, நாமக்கல் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் உள்ளது. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாக வருவோர் அடிவாரத்திலுள்ள காரவள்ளியில் மலையேறத் தொடங்குகின்றனர். அங்கிருந்து மேலே செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சோளக்காடு, செம்மேடு ஆகிய ஊர்களை அடையும் வரை வழியில் பெரும்பகுதி காடும் பாறையும்தான். நடு வளைவொன்றில் வண்டி நின்றுவிட்டால் பட்டறை கைக்கெட்டும் தொலைவில் இருக்காது.

ஏறும்போது வண்டி நெடுநேரம் முதல், இரண்டாம் கியரில் செல்கிறது. கிளட்சுக்கும் சங்கிலிக்கும் சுமை கூடுகிறது. இறங்கும்போது பிரேக்குகள் சூடாகின்றன. தொடர் அதிர்வில் கண்ணாடித் தண்டு, பேட்டரி முனை, சைலன்சர் பட்டை போன்றவற்றின் நட்டுகள் தளர்வதுண்டு. இவற்றில் பெரும்பாலானவை சரியான அளவு ஸ்பேனர் இருந்தால் சில நிமிடங்களில் முடியக்கூடிய வேலைகள். சரியான அளவு இல்லாவிட்டாலோ, கருவி வழுக்கினாலோ, போல்ட்டின் தலை உருண்டுபோய்ச் சிறு பழுது பெரும்பழுதாகிவிடும். அரைகுறையாக முடுக்கிய அச்சு நட்டுடன் 70 வளைவுகள் இறங்குவது அதைவிட ஆபத்தானது.

செயல்படும் விதம்

ராட்செட்டின் தலைக்குள் ஒரு சிறு பற்சக்கரமும், அதன் பற்களில் சாய்வாகப் பதியும் நாக்கு போன்ற பூட்டும், அந்த நாக்கை அழுத்தி வைக்கும் சுருள்வில்லும் உள்ளன. கைப்பிடியை ஒரு திசையில் திருப்பும்போது நாக்கு பல்லைப் பிடித்துச் சக்கரத்தையும் சேர்த்துச் சுழற்றும். எதிர்த்திசையில் திருப்பும்போது பற்களின் மேல் வழுக்கி 'டிக் டிக்' என்ற ஒலியுடன் நகரும். தலையிலுள்ள சிறு நெம்பைத் தள்ளினால் திசை மாறும். சாக்கெட் மாட்டும் ராட்செட் திருகிக்கு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜே. ஜே. ரிச்சர்ட்சன் 1863ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அடிப்படை அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை.

திருப்பும் விசை முழுவதும் அந்தச் சிறு நாக்கின் வழியாகவே செல்கிறது. அதனால் ராட்செட்டில் முதலில் பழுதாகும் இடம் அதுவே. ரிங் ஸ்பேனர் ஒரே எஃகுத் துண்டு. அதில் வழுக்கவோ உடையவோ உள்ளுறுப்பு எதுவும் இல்லை.

பற்களின் எண்ணிக்கை

பற்கள் கூடக்கூட, அடுத்த பல்லைப் பிடிக்கக் கைப்பிடி நகர வேண்டிய கோணம் குறையும். 360 பாகையைப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அந்தக் கோணம் கிடைக்கும்.

- 24 பற்கள்: 15 பாகை
- 36 பற்கள்: 10 பாகை
- 45 பற்கள்: 8 பாகை
- 72 பற்கள்: 5 பாகை

15 செ.மீ. நீளக் கைப்பிடியில் 24 பல் ராட்செட்டின் நுனி ஏறத்தாழ 4 செ.மீ. நகர வேண்டும், 72 பல் ராட்செட்டுக்கு 1.3 செ.மீ. போதும். பன்னிரு முனை ரிங் ஸ்பேனருக்கு ஒவ்வொரு முறையும் 30 பாகை இடம் தேவை. எனவே எஞ்சினுக்கும் சட்டகத்துக்கும் இடையிலான இடுக்கில் ராட்செட்டின் நன்மை தெளிவாகத் தெரியும்.

ஆயினும் மலிவு விலைக் கருவிகளில் பற்களின் எண்ணிக்கை மட்டுமே தரமாகாது. பற்கள் கூடும்போது ஒவ்வொரு பல்லும் சிறியதாகிறது. எஃகும் வெப்பப் பதப்படுத்தலும் சரியில்லாத கருவியில் சிறு பற்கள் விரைவில் தேயும். குறைந்த விலையில் வாங்குவோருக்கு 36 அல்லது 45 பற்கள் கொண்ட உறுதியான ராட்செட் பெரும்பாலும் போதுமானது.

சதுர முனையும் கைப்பிடி நீளமும்

சாக்கெட் மாட்டப்படும் சதுர முனை கால் இன்ச் (6.35 மி.மீ.), 'மூன்றின் கீழ் எட்டு' இன்ச் (9.5 மி.மீ.), அரை இன்ச் (12.7 மி.மீ.) ஆகிய மூன்று அளவுகளில் பொதுவாகக் கிடைக்கிறது. ஒரே எஃகில் செய்த சதுர முனையின் முறுக்கு வலிமை, பக்க அளவின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அதன்படி அரை இன்ச் முனை, கால் இன்ச் முனையைப் போல் 8 மடங்கு தாங்கும்.

திருப்புவிசை என்பது கையின் விசையைக் கைப்பிடியின் நீளத்தால் பெருக்கக் கிடைப்பது. 50 நியூட்டன்-மீட்டர் அளவுக்கு முடுக்க, 15 செ.மீ. கைப்பிடியில் ஏறத்தாழ 34 கிலோ எடைக்குச் சமமாக அழுத்த வேண்டும். 30 செ.மீ. ஸ்பேனரில் 17 கிலோ போதும். பைக்கின் மேலுறைகளைப் பிடிக்கும் 6 மி.மீ. போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன்-மீட்டர் அளவே தேவை. இவற்றுக்குக் கால் இன்ச் ராட்செட் பொருத்தம். கார்ச் சக்கர நட்டுகளுக்குச் சுமார் 100 நியூட்டன்-மீட்டர் வேண்டும். அங்கே அதைப் பயன்படுத்தக் கூடாது. ராட்செட்டின் கைப்பிடியில் பைப்பைச் செருகித் திருப்புவதும் நாக்கை உடைக்கும் வழியே.

வண்டியின் அளவுகளை அறிதல்

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது, சொந்த வண்டியிலுள்ள நட்டு, போல்ட்டுகளின் அளவுகளைக் குறித்துக்கொள்வது. ஸ்பேனரில் பொறித்துள்ள எண், போல்ட் தலையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான தூரம் ஆகும். போல்ட் தண்டின் தடிப்பு அன்று. ஒரே தடிப்புள்ள போல்ட்டுக்கு ஜப்பானிய முறையில் ஒரு தலை அளவும், ஐரோப்பிய முறையில் வேறு அளவும் உண்டு.

- 6 மி.மீ. தண்டு: பொதுவாக 10 மி.மீ. தலை
- 8 மி.மீ. தண்டு: ஜப்பானிய முறையில் 12, ஐரோப்பிய முறையில் 13
- 10 மி.மீ. தண்டு: ஜப்பானிய முறையில் 14, ஐரோப்பிய முறையில் 16 அல்லது 17
- 12 மி.மீ. தண்டு: ஜப்பானிய முறையில் 17, ஐரோப்பிய முறையில் 18 அல்லது 19

ஹோண்டா, யமஹா, சுசூகி தொழில்நுட்ப வழிவந்த பைக்குகளில் 8, 10, 12, 14, 17 ஆகிய எண்கள் அதிகம் வரும். 12க்குப் பதில் 13 சாக்கெட்டை மாட்டினால் முதலில் பிடிப்பது போலிருந்து, அழுத்தும்போது தலையை உருட்டிவிடும்.

இணைய வணிகத் தளங்களில் பரவலாக விற்கப்படும் 46 துண்டுப் பெட்டிகள் கால் இன்ச் முனை கொண்டவை. அவற்றின் சாக்கெட்டுகள் பெரும்பாலும் 4 மி.மீ.யில் தொடங்கி 14 மி.மீ.யோடு முடிந்துவிடும். பெட்டி நிறையத் துண்டுகள் இருந்தும் பைக்கின் அச்சு நட்டுக்கான 17, 19 அளவுகள் அதில் இருக்காது. ஸ்பார்க் பிளக் சாக்கெட்டும் தனியே தேவைப்படும். 10 மி.மீ. மரையுள்ள பிளக்குக்கு 16 மி.மீ., 12 மி.மீ. மரைக்கு 18 மி.மீ., 14 மி.மீ. மரைக்கு 21 மி.மீ. என்பது பொதுவான அளவு.

கடையில் சோதித்தல்

நாமக்கல் லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். அங்கும் சேலத்திலும் உள்ள கருவிக் கடைகளில் பொருளைக் கையில் வாங்கிப் பார்த்து எடுக்கலாம். பின்வரும் சோதனைகளுக்குச் சில நிமிடங்களே ஆகும்.

1. பின்னிழுப்பு: சாக்கெட்டை மாட்டி இரு விரல்களால் மெல்லப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை இருபுறமும் அசைக்க வேண்டும். பின்னோக்கி அசைக்கும்போது சாக்கெட்டும் விரலை மீறிச் சுழன்றால் அந்த ராட்செட் வேண்டாம். தளர்ந்த நட்டு அதனுடன் முன்னும் பின்னும் ஆடுமே தவிரக் கழலாது.

2. திசை நெம்பு: தெளிவாக இரு நிலைகளில் நிற்க வேண்டும். தொட்டதும் மாறினால் வேலையின் நடுவே திசை மாறிவிடும்.

3. சாக்கெட் பிடிப்பு: சதுர முனையிலுள்ள சிறு குண்டு சாக்கெட்டை உறுதியாகப் பிடிக்க வேண்டும். மலைச்சரிவில் விழுந்த சாக்கெட் திரும்பக் கிடைப்பது அரிது.

4. பொருத்தம்: வண்டியின் நட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ச் சாக்கெட்டில் இட்டுப் பார்க்கலாம். அதிகம் ஆடினால் உட்பக்க அளவு தவறானது. தேய்ந்த தலைகளுக்குப் பன்னிரு முனையைவிட அறுமுனைச் சாக்கெட் நன்றாகப் பிடிக்கும்.

5. பூச்சும் முத்திரையும்: 'குரோம் வெனேடியம்' என்ற முத்திரை மட்டுமே தரத்துக்குச் சான்றாகாது. ஓரங்களில் பூச்சு உரிந்திருந்தாலோ கொப்பளித்திருந்தாலோ தவிர்க்க வேண்டும்.

ரிங் வடிவ ராட்செட்

ஒரு முனையில் ராட்செட் வளையமும் மறுமுனையில் திறந்த வாயும் கொண்ட ஸ்பேனர்களும் உண்டு. இவை மெல்லியவை, நீண்ட போல்ட் தண்டு வளையத்தைத் துளைத்து வெளியே வர முடியும். திசை நெம்பு இல்லாத வகையில், திசையை மாற்ற ஸ்பேனரைப் புரட்டி மாட்ட வேண்டும். இடுக்கில் இதனால் ஒரு சிக்கல் நேரும். போல்ட்டைத் தளர்த்தத் தளர்த்த அது வெளியே வந்து, தலைக்கும் எதிரிலுள்ள உலோகத்துக்கும் நடுவே ஸ்பேனர் மாட்டிக்கொள்ளும். பின்னோக்கித் திருப்பவும் முடியாது, கழற்றவும் முடியாது. எதிரே தடை இருந்தால் சில திருப்புகளுக்குப் பின் கருவியை எடுத்துவிட்டு விரலால் கழற்றுவது நல்லது. இவ்வகையில் முழுத் தொகுப்பு வாங்காமல், அதிகம் பயன்படும் 10, 12, 14 அளவுகளை மட்டும் வாங்கலாம்.

பரிந்துரைக்கப்படும் கருவிப்பை

ஜப்பானிய அளவுகள் கொண்ட பைக்குக்கு, குறைந்த செலவில் பின்வருவன போதும்.

- கால் இன்ச் அல்லது 9.5 மி.மீ. முனை ராட்செட் ஒன்று
- 8, 10, 12, 14 மி.மீ. அறுமுனைச் சாக்கெட்டுகள், ஒரு நீட்டிப்புத் தண்டு
- 12-13, 14-15, 16-17, 18-19 ரிங் ஸ்பேனர்களில் வண்டிக்குத் தேவையானவை
- வண்டிக்குரிய ஸ்பார்க் பிளக் சாக்கெட்
- ஸ்க்ரூ டிரைவர், குறடு, பழைய துணி

அச்சு நட்டுக்கான ரிங் ஸ்பேனருக்குச் செலவிடும் பணத்தைக் குறைக்கக் கூடாது. ராட்செட் உடைந்தால் வேலை தாமதமாகும். அந்த ஸ்பேனர் இல்லையென்றால் சக்கரமே கழலாது. காரில் செல்வோர் சக்கர நட்டுக்கு நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பேனரை வைத்திருக்க வேண்டும்.

பயன்படுத்தும் முறை

இறுகிய நட்டை முதலில் ரிங் ஸ்பேனரால் தளர்த்த வேண்டும். பிறகு ராட்செட்டால் விரைவாகக் கழற்றலாம். மாட்டும்போது முதல் சில மரைகளை விரலால் ஏற்றி, நடுப்பகுதியை ராட்செட்டால் ஓட்டி, கடைசி இறுக்கத்தை மீண்டும் ரிங் ஸ்பேனரால் தர வேண்டும். இந்த வரிசையைப் பின்பற்றினால் மலிவான ராட்செட்டும் பல ஆண்டுகள் உழைக்கும்.

வளைவிலேயே வண்டியை நிறுத்தி வேலை செய்யாமல், மேலும் கீழும் வரும் வண்டிகளுக்குத் தெரியும் அகலமான இடத்தை நாட வேண்டும். சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுப்பதும், காரின் சக்கர நட்டுகளை ஜாக்கி ஏற்றும் முன்பே சற்றுத் தளர்த்திக்கொள்வதும் அவசியம். கழற்றிய நட்டுகளைத் துணியில் வைத்தால் உருண்டோடாது. மலை இறங்கியதும் பிரேக் டிரம்மும் டிஸ்க்கும் கடும் சூட்டில் இருக்கும். ஆறிய பின்பே தொட வேண்டும்.

பராமரிப்பு

மழையும் பனியும் உள்ள மலையில் கருவிகள் எளிதில் துருப்பிடிக்கும். பயணம் முடிந்ததும் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி வைக்கலாம். ராட்செட்டின் தலைக்குள் மெல்லிய எண்ணெய் ஓரிரு துளிகள் போதும். கெட்டியான கிரீஸை அடைத்தால் நாக்கு பல்லில் முழுமையாகப் பதியாமல் வழுக்கும். மூடியைத் திருகுகள் பிடித்திருக்கும் வகையாயின், ஆண்டுக்கு ஒருமுறை திறந்து மண்ணெண்ணெயில் கழுவலாம்.

புதிதாக வாங்கிய கருவிப்பையை முதன்முதலில் மலைப்பாதையில் திறக்கக் கூடாது. புறப்படுவதற்குச் சில நாள் முன்பே வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, பேட்டரி முனை, கண்ணாடி, பின்சக்கர அச்சு ஆகியவற்றை அந்தக் கருவிகளால் ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். எந்த அளவு இல்லை, எந்தக் கருவி வழுக்குகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். காரவள்ளியைத் தாண்டும் முன் அதை வாங்கிக்கொள்ளவும் நேரம் இருக்கும்.