வானுக்குள் இனித்த மணம் வந்தால்...

2023ஆம் ஆண்டு பயிற்சி வகுப்பொன்றுக்காக ஆறு பெண்களுடன் வவுனியாவிலிருந்து கண்டிக்கு ஏ9 வீதியால் சென்றுகொண்டிருந்தேன். வானை ஓட்டியவரும் ஒரு பெண்தான். 2009இல் கணவரை இழந்தவர். லீசிங்கில் எடுத்த பழைய வானில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி மூன்று பிள்ளைகளை வளர்க்கிறார்.

மாத்தளையைக் கடந்து அலவத்துகொடையை நெருங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிகளை மூடினோம். சிறிது நேரத்தில் சீனிப்பாகு காய்ச்சுவது போல ஒரு மணம். பின்னாலிருந்த சகோதரி தலையிடிக்கிறது என்றார்.

“இது ஒரு மாசமா இருக்கு அக்கா. எங்கட பக்கத்துக் கராஜில இஞ்சினைக் கழற்ற வேணுமாம் எண்டு சொல்லிப்போட்டினம். சங்கிலியை அடகு வைக்கத்தான் யோசிக்கிறன்” என்றார் ஓட்டி வந்தவர்.

வீதியோரக் கராஜொன்றில் நிறுத்தினோம். அங்கிருந்த வயதான நானா உடனே எதையும் கழற்றவில்லை. கேள்விதான் கேட்டார். “ஃபேனைப் போட்டா மணம் கூடுதா தங்கச்சி? முன்கண்ணாடியில உள்பக்கம் எண்ணெய் மாதிரிப் படியுதா? எத்தனை நாளைக்கு ஒருக்கா தண்ணி ஊத்துறீங்க?” மூன்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. ஆனால் அதுவரை எவரும் அவரிடம் கேட்கவில்லை.

நானா முன் ஆசனத்துக் காலடி விரிப்பைத் தூக்கி, வெள்ளைத் துணியால் ஒற்றிக் காட்டினார். துணியில் பச்சை நிறம். ஏசியிலிருந்து வடியும் நீராயின் நிறமோ மணமோ இராது. இஞ்சின் ஆறியதும் ரேடியேட்டரில் அமுக்கம் ஏற்றிப் பார்த்தார். மானியின் முள் மெல்ல இறங்கியது. வெளியே எங்கும் ஒழுக்கில்லை. உள்ளேதான் ஒழுகியது.

ஜப்பானியக் குளிருக்காகச் செய்த வான்களில் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சிறிய ரேடியேட்டர் உண்டு. இஞ்சினின் சூடான கூலன்ட் அதனூடாக ஓடி, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும். அது துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் கூலன்டிலுள்ள எதிலீன் கிளைக்கோலின் இனித்த மணம் காற்றோடு வரும். நானா அதற்குப் போகும் இரண்டு குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டார். கூலன்ட் குறைவதும் நின்றது, மணமும் போனது. இஞ்சினில் கோளாறு இல்லை.

சகோதரிகளே, சிலவற்றை மனதில் வைத்திருங்கள். காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் போத்தலின் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பாயும். வெள்ளைப் புகை வந்தாலோ, இஞ்சின் எண்ணெய் பால் போல வெளுத்தாலோ அது வேறு கோளாறு, தாமதியாமல் காட்டுங்கள். கூலன்ட் நஞ்சு. இனிப்பாக இருப்பதால் பிள்ளைகள் குடித்துவிடக்கூடும். சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். யாரும் குடித்துவிட்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, “எப்படிக் கண்டுபிடித்தீர்கள், காட்டுங்கள்” என்று கேட்பது. கேட்பதில் வெட்கமில்லை. அன்று சங்கிலி அடகுக்குப் போகவில்லை. மறுவாரமும் பிள்ளைகள் அந்த வானில்தான் பாடசாலைக்குப் போனார்கள்.