பருத்தியின் தூய்மையும் நாட்டின் செல்வமும்

கைத்தொழில் பெருகவேண்டுமாயின் முதற்கண் வேளாண்மை செழித்தல் வேண்டும். குடியானவன் ஆலைக்கு மூலப்பொருளையும் தொழிலாளிக்கு உணவையும் அளிக்கிறான். அன்றியும், தன் கையில் மிஞ்சிய பணத்தால் துணியும் கருவிகளும் வாங்கி அவ்வாலைகளையே வாழ்விக்கிறான். சங்கரன்கோவிலைச் சார்ந்த மேலநீலிதநல்லூர் வட்டாரத்துக் கரிசல் நிலத்தார்க்கு இவ்வுண்மையைப் பருத்தியே நன்கு விளக்கும்.

திருநெல்வேலிச் சீமையில் பருத்தி விளைந்தமையாலேயே ஹார்வி கம்பெனியார் 1885-இல் பாபநாசத்திலும், 1888-இல் தூத்துக்குடியிலும் நூலாலைகளை நிறுவினர். 1901-இல் கோயில்பட்டியில் அரசாங்க ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டு, மானாவாரிக்கு ஏற்ற கருங்கண்ணிப் பருத்தியில் நல்ல வித்துக்கள் தெரிந்தெடுக்கப்பட்டன.

எனினும் ஓர் இடர் நேர்ந்தது. புளிச்சை என்னும் பருத்தி, அரைக்குங்கால் மிகுதியான பஞ்சு தரும். ஆயினும் அதன் இழை குட்டையும் முரடுமானது. எடையை விரும்பியோர் அதனைக் கருங்கண்ணியோடு கலந்தனர். கலந்த பஞ்சில் நயமான நூல் நூற்க இயலாது. ஆகையால் சரக்கு முழுவதின் பெயரும் கெட்டு, கலப்பறியாத குடியானவர்க்கும் விலை தாழ்ந்தது. இதனைத் தடுக்கவே சென்னை அரசாங்கத்தார் 1932-இல் பருத்திக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றினர்.

புளிச்சை மறைந்தும் அதன் பாடம் மறையவில்லை. ஒரு கிராமத்தில் நூறு குடிகள் தலைக்கு ஐந்து குவிண்டால் விற்பதாகக் கொள்வோம். கலப்பினால் குவிண்டாலுக்கு 200 ரூபாய் குறையின், ஊருக்கு நஷ்டம் ஒரு லட்சம் ரூபாய். கிணறு தூர்வாரவும், உரம் வாங்கவும், பிள்ளைகளின் படிப்புக்கும் உதவவேண்டிய முதல் அது.

ஆதலின் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் நலம்:

1. ஒரே காட்டில் இரண்டு இரகங்களை விதைத்தலாகாது. அத்தாட்சி பெற்ற விதையையே வாங்குக.

2. பனி உலர்ந்தபின், நன்கு வெடித்த காய்களிலிருந்து மட்டும் சருகு ஒட்டாமல் எடுக்க. கறைபட்ட பருத்தியைத் தனியே வைக்க.

3. எடையைக் கூட்ட நீர் தெளித்தல் கூடாது; ஈரப் பஞ்சு மங்கிக் கெடும்.

4. இயன்றவரை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விற்க. 1933-ஆம் வருஷத்து வாணிபப் பயிர்ச் சந்தைச் சட்டத்தின்படி, 1936-இல் திருப்பூரில் பருத்திக்கென அத்தகைய கூடம் தொடங்கிற்று. சரியான எடையும் வெளிப்படையான விலையும் குடியானவர்க்குக் கிடைக்கச் செய்தலே அதன் நோக்கம்.

ஒருவர் செய்யும் கலப்பு ஊரையே பாதிப்பதால், கிராம அதிகாரிகளும் பெரிய நிலக்காரர்களும் ஊரார் யாவரும் ஒரே இரகம் விதைக்குமாறு ஐப்பசி விதைப்புக்கு முன்னரே முயலுதல் வேண்டும். காட்டில் காக்கப்படும் தூய்மையே ஆலையில் நூலாகி, ஊருக்குப் பணமாகவும் நாட்டுக்குச் செல்வமாகவும் திரும்பிவரும்.