நல்ல உடம்புக்கு இத்தனை டெஸ்டு எதற்கு?



"உடம்புக்கு ஒண்ணும் இல்லைதான். இருந்தாலும் எல்லாத்தையும் ஒரு தடவை பார்த்துட்டா நல்லதுதானே?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். நூற்றுக்கணக்கில் வெள்ளி கட்டி, பட்டணத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் 'முழு செக்கப்' செய்கிறவர்களும் உண்டு. காசு மட்டும்தான் நஷ்டம் என்று எண்ணாதீர்கள். தேவையில்லாத பரிசோதனை உடம்பையும் கெடுக்கலாம்.

தென் கொரியாவில் நடந்ததைக் கேளுங்கள். 1999-இல் அரசாங்கம் அங்கே புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அதில் சேரவில்லை. ஆனால் வந்தவர்களிடம் கொஞ்சம் காசு கூடுதலாக வாங்கிக்கொண்டு, பல ஆஸ்பத்திரிகள் கழுத்தையும் ஸ்கேன் செய்தன. 2011-இல் மட்டும் 40,000 பேருக்கு மேல் தைராய்டுப் புற்றுநோய் என்று சொல்லப்பட்டது. 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு! சாவு குறைந்ததா? இல்லை, முன்பு இருந்த அளவிலேயே இருந்தது. கண்டுபிடித்ததில் பெரும்பாலானவை ஆயுசுக்கும் தொல்லை தராத சிறு கட்டிகள்.

ஆனாலும் ஏறக்குறைய எல்லாருக்கும் ஆபரேஷன் நடந்தது. சுரப்பியை முழுசாக எடுத்தவர்கள் ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டும். 100-க்கு 2 பேருக்குக் குரல் நரம்பு பாதிக்கப்பட்டது. 2014-இல் அந்த நாட்டு டாக்டர்கள் சிலரே எச்சரித்த பிறகுதான் ஆபரேஷன்கள் வெகுவாகக் குறைந்தன.

இரத்தப் பரிசோதனையும் இப்படித்தான். 'சரியான அளவு' என்பதை, பொதுவாக நல்ல உடம்புள்ள 100 பேரில் 95 பேர் அதற்குள் வரும்படி வகுக்கிறார்கள். மீதி 5 பேருக்கு நோய் இல்லாமலே 'கோளாறு' என்று காட்டும். ஒரே ஆளுக்கு 20 டெஸ்டு எடுத்தால், ஒன்றாவது தப்பாகக் காட்ட வாய்ப்பு அதிகம். அப்புறம் இன்னொரு டெஸ்டு, ஸ்கேன், ஊசி குத்திச் சதை எடுப்பது என்று நீளும். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளமும் போகும், தூக்கமும் போகும்.

இதைப் படித்துவிட்டு டாக்டர் பக்கமே போகாமல் இருந்துவிடாதீர்கள்! இனிப்புநீர், இரத்த அழுத்தம் பார்ப்பது அவசியம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காரணமில்லாத இளைப்பு, இரத்தப் போக்கு இருந்தால் உடனே போங்கள். பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைத் தள்ளிப் போடக் கூடாது.

மற்ற டெஸ்டுகளுக்கு மூன்று கேள்வி கேளுங்கள்: "டாக்டர், இது எதற்கு? முடிவைப் பார்த்து வைத்தியம் மாறுமா? இப்போ எடுக்காவிட்டால் என்ன ஆகும்?"

கேட்பது மரியாதைக் குறைவல்ல. உடம்பு உங்களுடையது, கேட்கும் உரிமையும் உங்களுடையது.