மாரடைப்பும் மருந்துச் சீட்டும்

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது நம் பெரியோர் சொல்லிவைத்த பழமொழி. சளிக்கும் காய்ச்சலுக்கும் இது பொருந்தலாம். ஆனால் மாரடைப்பிலிருந்து தப்பி, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறவருக்கு இது சிறிதும் பொருந்தாது. அவருடைய மருந்துச் சீட்டில் நான்கைந்து மருந்துகள் இருக்கும். "வலிதான் போய்விட்டதே! இன்னும் இத்தனை மாத்திரைகள் எதற்கு?" என்று வீட்டார் வியப்பதுண்டு. அச்சீட்டின் பொருளை நாம் அறிந்துகொள்வது நல்லது.

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களின் உட்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்புப் படிகிறது. அப்படிவு ஒரு நாள் கிழிந்தால், அங்கே இரத்தம் உறைந்து வழியை அடைக்கிறது. இதுவே மாரடைப்பு. அடைப்பை நீக்கிய பின்னும் கொழுப்புப் படியும் இயல்பு மாறிவிடுவதில்லை. ஆகவே மருந்துகள் தொடர வேண்டியிருக்கிறது.

சீட்டில் முதலில் நிற்பது ஆஸ்பிரின். இரத்தம் உறையாதபடி காப்பது இதன் பணி. 417 மருத்துவமனைகளில் 17,187 நோயாளிகளிடம் நடந்த ஆய்வொன்றின் முடிவு 1988இல் வெளிவந்தது. மாரடைப்பு வந்தவுடன் ஆஸ்பிரின் கொடுக்கத் தொடங்கினால், ஐந்து வாரங்களில் நேரும் இதய நோய் இறப்பு ஏறத்தாழக் கால் பங்கு குறைகிறது என்று அது காட்டியது. இதற்குத் துணையாகக் குளோபிடோகிரெல் போன்ற மற்றொரு மருந்தையும் பெரும்பாலும் ஓராண்டு வரை கொடுப்பர்.

அடுத்தது ஸ்டாடின். இது இரத்தத்திலுள்ள கொழுப்பைக் குறைக்கும். இவ்வகை மருந்துக்கு வழிகாட்டியவர் ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ. 1970களில் பூஞ்சையிலிருந்து அதைக் கண்டெடுத்தார். மூன்றாவது, இதயத்தின் வேகத்தைத் தணிக்கும் பீட்டா தடுப்பு மருந்து. இதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார். நான்காவது, இரத்த அழுத்தத்தைக் குறைத்து இதயத்தின் சுமையை இறக்கும் ஏ.சி.இ. தடுப்பு மருந்து. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது இது. நஞ்சும் அமுதாகிறது பாருங்கள்!

எல்லாச் சீட்டுகளும் ஒன்றுபோல் இருக்குமா? இரா, இருக்கவும் கூடாது. ஆஸ்துமா உள்ளவருக்குப் பீட்டா தடுப்பு மருந்தை யோசித்தே கொடுப்பர். ஏ.சி.இ. மருந்தால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். அவர்களுக்கு வேறு மருந்து எழுதுவர். வயிற்றுப்புண் உள்ளவருக்கு ஆஸ்பிரினுடன் வயிற்றைக் காக்கும் மாத்திரையும் சேரும். இவை நோயாளியின் உடலைப் பார்த்துச் செய்யும் மாற்றங்கள்.

ஆனால் பணப்பையைப் பார்த்தும் சீட்டு மாறினால்? நம் நாட்டின் 50 நகரங்களில், 89 மருத்துவமனைகளில், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இதய நோயாளிகளை ஆராய்ந்த முடிவுகள் 2008இல் 'லான்செட்' இதழில் வந்தன. ஆஸ்பிரின் வகை மருந்து ஏறத்தாழ எல்லோருக்கும் கிடைத்திருந்தது. ஆனால் கொழுப்பைக் குறைக்கும் மருந்து, செல்வர்களில் 100க்கு 61 பேருக்கும் ஏழைகளில் 36 பேருக்குமே கிடைத்தது. முப்பது நாட்களுக்குள் இறந்தோர் செல்வர்களில் 100க்கு 5.5, ஏழைகளில் 8.2. சிகிச்சையில் இருந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டபோது, இறப்பில் தெரிந்த வேறுபாடு மறைந்துவிட்டது! ஏழையின் இதயம் வேறு இதயமன்று; அவருக்குக் கிடைத்த சிகிச்சைதான் வேறு.

வீடு திரும்பிய பின் நிலைமை இன்னும் கவலைக்குரியது. 17 நாடுகளில் நடந்த மற்றோர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. இந்தியா உள்ளிட்ட குறைந்த வருமான நாடுகளில், இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களில் 100க்கு 80 பேர் இம்மருந்துகளில் ஒன்றைக்கூட உட்கொள்ளவில்லை என்று அது கூறியது. மருத்துவர் எழுதுவது பாதி. தொடர்ந்து உட்கொள்வது மறுபாதி.

அந்த மறுபாதியில் நமக்கும் பங்குண்டு. நம் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இதய நோய்க்கு மருந்து உண்டால், சீட்டிலுள்ள பெயர்களைப் படித்துக் காட்டுவோம். மாத்திரை தீரும் முன்பே நினைவூட்டுவோம். உடல் தேறிவிட்டது என்று தாமே நிறுத்தவோ, அடுத்த வீட்டாரின் மாத்திரையை வாங்கி உண்ணவோ விடலாகாது. விலை மிகுதியென்றால் மருத்துவரிடம் கூசாமல் சொல்லச் செய்வோம். அரசு மருத்துவமனையில் இலவசமாகவோ, மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலையிலோ அதே மருந்து கிடைக்கக்கூடும்.

நம்மில் சிலர் நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் மருந்தாளுநராகவும் வருவோம். அன்று நம் முன் நிற்பவர் எத்தகைய உடை உடுத்தியிருந்தாலும், அவர் நோய்க்கு உரிய சீட்டையே அவர் பெறச் செய்வோம்.