எயார் ரைபிள் வாங்கும் முன் கணக்கைப் பாருங்கள்

காலபோக அறுவடை முடிந்து நெல் களஞ்சியத்துக்கு வந்து சேரும் நாட்களில், செட்டிகுளம் பக்கத்து வியாபாரிகள் இருவர் சந்தித்தால் பேச்சு இரண்டு விடயங்களில்தான் போய் நிற்கும். ஒன்று நெல் விலை. மற்றது எலி, குரங்கு, மயில், பன்றி. விலை நம் கையில் இல்லை. சேதத்தையாவது குறைத்துக்கொள்ள முடியாதா என்பதே பலரது கவலை.

அங்கு நெல்லும் உழுந்தும் வாங்கி விற்கும் சகோதரர் ஒருவர் அண்மையில் இப்படிக் கேட்டார்: "நானா, ஸ்டோருக்கு ஒரு காற்றுத் துவக்கு எடுக்கலாம் என்று இருக்கிறேன். தோட்டத்துக்கு வருகிற குரங்குக்கும் உதவும். எது நல்லது?"

இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருப்பதால் இவ்வாரப் பத்தியை இதற்கே ஒதுக்குகிறோம். எந்த ரைபிள் நல்லது என்பது இரண்டாவது கேள்வி. எந்த வேலைக்கு என்பதே முதலாவது. அதற்கு விடை தெரியாமல் வாங்கினால் பணமும் நட்டம், வம்பும் மிச்சம்.

எந்த எதிரிக்கு?

எயார் ரைபிள் வெடிமருந்தில் இயங்குவதல்ல. அமுக்கப்பட்ட காற்றின் விசையில் ஒரு கிராமுக்கும் குறைவான அல்லது அதனை ஒட்டிய எடையுள்ள ஈயச் சன்னத்தைத் தள்ளுகிறது. சாதாரண ரைபிள் ஒன்றின் சக்தி 15 ஜூல் அளவில் இருக்கும். இது எலி, அகழான், மாடப்புறா போன்ற சிறு உயிர்களை, அதுவும் கிட்டத்தில், தலையில் சரியாகப் பட்டால் உடனே கொல்லப் போதுமானது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

குரங்குக்கு இது ஆயுதமே அல்ல. சன்னம் பட்ட குரங்கு சாகாது. காயத்தோடு காட்டுக்குள் போய் நாட்கணக்கில் துடிக்கும். கூட்டமோ மறுநாள் திரும்பி வரும். காட்டுப்பன்றிக்குச் சுடுவது அதைவிட மடமை. காயப்பட்ட பன்றி சுட்டவனையே தேடி வரும். யானையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

குரங்குத் தொல்லை சிறிய பிரச்சினை என்று நாம் கூறவில்லை. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி முதல் ஐந்து நிமிடம் நாடு முழுவதும் அவரவர் காணியில் தென்படும் குரங்கு, மந்தி, மயில், மர அணில் ஆகியவற்றை எண்ணச் சொல்லி அரசாங்கமே கணக்கெடுப்பு நடத்தியது. 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை கிளம்பி, வழக்கு வரை போய்க் கைவிடப்பட்டது. ஒரு நாடே வழி தேடித் தடுமாறும் பிரச்சினையைத் தனியொருவர் ஓர் எயார் ரைபிளால் தீர்த்துவிட முடியாது என்பதற்கு இவையே சான்று.

ஆகவே அந்தச் சகோதரரின் பட்டியலில் மிஞ்சுவது எலியும் அகழானும் புறாவும்தான்.

முதலில் கடதாசி, பிறகு ரைபிள்

"வெடிமருந்து இல்லைதானே, அனுமதி எதற்கு?" என்று சிலர் நினைக்கிறார்கள். இது ஆபத்தான நினைப்பு. நம் நாட்டில் துப்பாக்கிகள் பற்றிய அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். எயார் ரைபிளை விளையாட்டுச் சாமான் போல நினைத்து அதற்கு வெளியே வைத்துவிடக் கூடாது. இறக்குமதி செய்வதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். எனவே ஒரு சதம் முற்பணம் கொடுக்கும் முன் வெங்கலச்செட்டிகுளம் பிரதேச செயலகத்திலும் பொலிஸ் நிலையத்திலும் விசாரித்து, எழுத்தில் பெற வேண்டியதைப் பெற்றுக்கொள்ளுங்கள். விற்பவரிடம் உரிய பத்திரங்களும் பற்றுச்சீட்டும் இல்லையென்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

சரக்கு எடுக்கத் தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்கும், வளைகுடாவில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கும் தனியாக ஒரு வார்த்தை. இந்தியாவில் 4.5 மில்லிமீற்றர் விட்டமும் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் கொண்ட ரைபிள்களைக் கடையில் உரிமமின்றி வாங்க முடியும். அந்தச் சலுகை அந்த நாட்டுக்குரியது. பயணப் பொதியில் வைத்துக் கட்டுநாயக்காவில் இறங்கினால், சுங்க அதிகாரியிடம் "அங்கே லைசன் தேவையில்லை" என்ற விளக்கம் எடுபடாது.

எதைச் சுடலாம் என்பதற்கும் சட்டம் உண்டு. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் பாதுகாப்பையே பொது விதியாக வைத்துள்ளன. விலக்களிக்கப்பட்ட உயிரினங்கள் சிலவே. பயிரைத் தின்கிறது என்பதற்காக மயிலையோ மந்தியையோ சுட்டுவிட்டு நியாயம் பேச முடியாது. சந்தேகம் இருந்தால் வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் கேட்பதே புத்தி.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. யுத்தம் முடிந்த 2009இல் இலட்சக்கணக்கான மக்கள் முட்கம்பிக்குள் தங்கவைக்கப்பட்ட மெனிக் பாம் இருந்த பிரதேசம் இது. அது மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எயார் ரைபிளும் மற்றத் துவக்கும் ஒன்றுதான். அயலவருக்குச் சொல்லாமல் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீதியில் நடக்கும் மண் இதுவல்ல.

மூன்று வகை, மூன்று செலவு

அனுமதி சரியென்றால் வகைக்கு வருவோம்.

முதலாவது ஸ்பிரிங் ரைபிள். குழலை மடித்துச் சுருள்வில்லை இழுத்து ஒரு சன்னம் போட்டுச் சுடுவது. வேறு சாதனம் எதுவும் தேவையில்லை. பழுது பார்ப்பது இலகு. பல வருடம் உழைக்கும். குறை என்னவென்றால், சுடும்போது முன்னும் பின்னுமாக உதறும். இறுக்கிப் பிடித்தால் குறி தவறும். இலேசாகத் தாங்கிப் பிடித்துப் பழக வேண்டும். சாதாரண தொலைநோக்கியை மேலே பூட்டினால் அந்த உதறலில் சில நாட்களிலேயே கெட்டுவிடும். எயார் ரைபிளுக்கென்றே செய்ததைத்தான் பூட்ட வேண்டும்.

இரண்டாவது, ஸ்பிரிங்குக்குப் பதிலாக வாயு அடைத்த உருளை உள்ளது. உதறல் சற்றுக் குறைவு. ஆனால் வாயு கசிந்தால் நம் ஊர்ப் பட்டறையில் திருத்த முடியாது. புது உருளைதான்.

மூன்றாவது பிசிபி எனப்படும், காற்றை முன்கூட்டியே நிரப்பி வைக்கும் ரைபிள். உதறல் இல்லை. குறி மிக நன்று. ஆனால் இதற்கு 200 பார் அளவில் காற்று அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருப்பதைப் போல் ஏறக்குறைய நூறு மடங்கு. டயர் கடைக் கம்பிரஸரால் முடியாது. தனிக் கைப்பம்பு அல்லது முக்குளிப்போர் பாவிக்கும் சிலிண்டர் தேவை. ரைபிளின் விலையை மட்டும் கேட்டு வாங்கிவிட்டுப் பம்புக்கு அலைபவர்கள் உண்டு.

மாதத்தில் சில இரவுகள் எலிக்கு மட்டும் என்றால் நடுத்தர சக்தியுள்ள ஸ்பிரிங் ரைபிளே போதும் என்பது நமது அபிப்பிராயம்.

பெட்டியில் எழுதியிருக்கும் வேகம்

விற்பவர் முதலில் காட்டுவது பெட்டியில் அச்சடித்த வேகத்தை. "செக்கனுக்கு 1,000 அடி" என்றிருக்கும். பெரும்பாலும் அது மிக இலேசான சன்னத்தைப் போட்டு அளந்தது. நாம் பாவிக்கும் ஈயச் சன்னத்துக்கு அந்த வேகம் வராது. வந்தாலும் நல்லதல்ல. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது சன்னம் தடுமாறிக் குறி சிதறும்.

விட்டத்தில் சந்தையில் அதிகம் இருப்பவை இரண்டு: 4.5 மில்லிமீற்றரும் 5.5 மில்லிமீற்றரும். அரைக் கிராம் எடையுள்ள 4.5 சன்னம் செக்கனுக்கு 240 மீற்றர் வேகத்தில் போனாலும், ஒரு கிராமை ஒட்டிய 5.5 சன்னம் 175 மீற்றர் வேகத்தில் போனாலும் கிடைக்கும் சக்தி ஏறத்தாழ ஒன்றே. சிறியது நேராகப் போகும், விலையும் குறைவு. பெரியது காற்றுக்கு அதிகம் அசையாது, பட்ட இடத்தில் உறைப்பாக வேலை செய்யும். பழகாதவருக்கு 4.5 இலகு. அகழானுக்கு 5.5 நல்லது. சன்னத்தில் உருண்டை முனையுள்ளதே எல்லாவற்றிலும் சீராகப் போகும். கூர்முனை என்றால் நன்றாகத் துளைக்கும் என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கடதாசியில் பத்து ரூபா நாணயத்தை வைத்து வட்டம் கீறி, 10 மீற்றரில் ஐந்து சன்னம் சுடுங்கள். ஐந்தும் வட்டத்துக்குள் விழுந்தால் 15 மீற்றருக்குப் போங்கள். எந்தத் தூரத்தில் ஒன்றாவது வெளியே போகிறதோ, அதற்கு முன்னைய தூரமே உங்கள் எல்லை. அதற்கு அப்பால் உள்ள உயிரைச் சுட வேண்டாம். 1907ஆம் ஆண்டு முதலே நம் நாட்டில் மிருகவதைத் தடைச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் வதைத்துக் கொல்ல நமக்கு அனுமதி இல்லை.

களஞ்சியத்துக்குள் சுடலாமா?

இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. ஈயம் நச்சு. நெல் மூடைக்குள்ளோ அரிசி மூடைக்குள்ளோ பாய்ந்த சன்னத்தைத் தேடி எடுக்க முடியாது. நாளை அது வாடிக்கையாளரின் பானைக்குப் போகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கண்டால் சரக்கும் போகும், கடையின் பெயரும் போகும். தகரக் கூரையில் விழுந்த ஓட்டை மாரி மழைக்குத்தான் தெரியவரும். சீமெந்துத் தரையிலும் இரும்பிலும் பட்ட சன்னம் திரும்பி வந்து கண்ணைப் பறிக்கும். திறந்த வெளியில் தவறிய சன்னம் சில நூறு மீற்றர் போகும்.

எனவே உணவுப் பொருள் அடுக்கிய இடத்துக்குள் சுடவே கூடாது. வெளியே, மண் அணையோ மணல் மூடைச் சுவரோ பின்னால் இருக்கும் பக்கமாக மட்டுமே சுட வேண்டும். கண்ணாடி அணியுங்கள். சன்னம் தொட்ட கையைக் கழுவுங்கள். செத்த எலியை வெறுங்கையால் தூக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் நம் வயல் பகுதிகளுக்குப் புதிதல்ல. ரைபிளையும் சன்னத்தையும் வெவ்வேறு பூட்டுக்குள், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

வேட்டைக்கு?

முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் போகலாமே என்பவர்களுக்கு இரண்டு விடயங்கள். காட்டுக்கோழி நம் தேசியப் பறவை, பாதுகாக்கப்பட்டது. முயலானாலும் சட்டத்தைக் கேட்டறியாமல் போக வேண்டாம். வேட்டை இறைச்சியை விற்பதோ ஹோட்டலில் சமைத்துக் கொடுப்பதோ வியாபாரத்துக்கே முடிவாகிவிடும். மற்றது, நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், கூர்மையால் அன்றி எடையின் தாக்குதலால் செத்த வேட்டைப் பிராணி அடிபட்டுச் செத்ததாகவே கொள்ளப்படும். உயிரோடு பிடித்து அறுத்தால் அன்றி அது உணவாகாது. விளக்கம் வேண்டியவர்கள் தமது பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியில் கணக்கு

ஓர் எலி ஒரு நாளைக்கு 25 கிராம் தின்கிறது என்று வையுங்கள். இருபது எலிக்கு அரைக் கிலோ. மாதம் 15 கிலோ, வருடம் 180 கிலோவுக்கு மேல். தின்பதைவிடக் கிழிந்த மூடையும், மூத்திரம் பட்டுக் கழிக்கும் சரக்கும் அதிகம். இந்த இருபதில் ஓர் இரவு நான்கைச் சுட்டாலும் மற்றவை சும்மா இருப்பதில்லை. எலி மூன்று வாரத்தில் குட்டி ஈனும். ஓர் ஈற்றுக்கு ஆறு முதல் பத்து வரை. அவை இரண்டு மூன்று மாதத்தில் தாமே ஈனத் தொடங்கும். விசையை எத்தனை தரம் அழுத்தினாலும் இந்தக் கணக்கை எட்டிப் பிடிக்க முடியாது.

ஆனால் வாசல் அடைத்தால் கணக்கு மாறும். எலிக்குப் பெருவிரல் பருமன் இடைவெளி போதும், சுண்டெலிக்கு 6 மில்லிமீற்றரே போதும். கதவின் அடியில் தகரம் அடியுங்கள். காற்று வரும் துவாரங்களுக்கு நெருக்கமான கம்பி வலை போடுங்கள். மூடைகளைப் பலகைத் தட்டில், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள். சிந்தியதை அன்றே கூட்டுங்கள். சுவரோரமாகப் பொறி வையுங்கள். கூரையோடு சாய்ந்த மரக்கிளையை வெட்டுங்கள். புறாவுக்கும் வலைதான் மருந்து.

இவ்வளவும் செய்த பிறகும் முற்றத்தில் ஓரிரு அகழான் மிஞ்சினால், அனுமதியும் பயிற்சியும் உள்ளவர் கையில் எயார் ரைபிளுக்கு வேலை உண்டு.

கேள்வி கேட்ட சகோதரரிடமும் இதையே சொன்னோம். சற்று நேரம் யோசித்தவர், "அப்போ முதலில் வலைக்கும் பலகைக்கும் செலவழிப்போம். துவக்கை அடுத்த போகத்துக்குப் பார்ப்போம்" என்றார். அடுத்த போகத்தில் அவருக்கு அது தேவைப்படாமலே போகலாம். அப்படிப் போனால் அதுவும் இலாபம்தான்.