ஒரு லட்சம் தவணையில் ஒரு ஷிஃப்ட்

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி தாண்டினால் திருநின்றவூர். இதயத்தின் பெயரிலேயே அங்கே ஒரு சிவன் கோயில் இருக்கிறது: இருதயாலீஸ்வரர் கோயில். கோயில் கட்டக் கையில் காசில்லாத பூசலார், கல்லையும் மரத்தையும் தச்சரையும் மனத்துக்குள்ளேயே சேர்த்து, அடித்தளம் முதல் கலசம் வரை நெஞ்சுக்குள் எழுப்பினார். அவர் குடமுழுக்குக்குக் குறித்த நாளிலேயே காஞ்சியில் பல்லவ மன்னனும் நாள் குறித்திருந்தான். இறைவன் மன்னனின் கனவில் வந்து, திருநின்றவூரில் எனக்கு வேலை இருக்கிறது, உன் நாளைத் தள்ளிவை என்றார். பக்கத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் சொன்ன கதை இது. இதய நோய் உள்ளவர்கள் இன்று அந்தச் சந்நிதியில் வந்து வேண்டிக்கொள்கிறார்கள்.

இதயம் என்றால் தாத்தா பாட்டிகளின் கவலை என்று பதினைந்து வயதில் தோன்றும். ஆனால் இதயத்தின் நுட்பங்களை நேரில் பார்க்க ஏற்ற வயதே அதுதான். கருவி எதுவும் வேண்டாம்; மூன்று விரலும் ஒரு கடிகாரமும் போதும்.

கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில் மூன்று விரல்களை மெல்ல வையுங்கள். நாடி தட்டுகிறது. இதயம் இப்போது தள்ளிய இரத்தம் விரலுக்கடியில் வந்து மோதுகிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம். அந்த இரத்தம் இன்னும் வந்து சேரவே இல்லை! விரலில் படுவது ஓர் அழுத்த அலை. தமனியின் சுவர் வழியாக நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் ஓடி, இதயம் சுருங்கிய ஐந்தில் ஒரு நொடிக்குள் மணிக்கட்டை எட்டிவிடுகிறது. இரத்தம் அதில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில்கூடப் போவதில்லை. பின்னால் நிதானமாக வருகிறது.

அந்த அலையின் வேகத்தில் உங்கள் வயது எழுதியிருக்கிறது. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியில், பதின்வயதில் அலை நொடிக்கு 5 அல்லது 6 மீட்டர் போகும். முதுமையில் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இங்கே வேகம் நல்லதல்ல, சுவர் விறைத்துப்போனதன் அடையாளம். இளம் தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து அடியை வாங்கிக்கொண்டு, பிறகு சுருங்கி இரத்தத்தை முன்னே தள்ளுகிறது. இந்த நெகிழ்ச்சியைத் தருவது எலாஸ்டின் என்ற மீள்புரதம். இழுத்துவிட்டால் பழைய நீளத்துக்கே திரும்பும் புரதம் என்று பொருள். உடல் இதைக் கருவிலும் சிறுவயதிலும்தான் பெரும்பாலும் தயாரிக்கிறது. வளர்ச்சி முடிந்ததும் உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிடும். சிறுவயதில் நெய்து வைத்ததில் பாதி சிதையவே சுமார் 70 ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அறுபது வயதில் படியேறப்போகும் தமனியின் நூல் ஏற்கெனவே உங்கள் உடம்புக்குள் இருக்கிறது.

சரி, அலையைக் கிளப்புவது யார்? மூளை இல்லை. இதயத்தின் வலது மேலறைச் சுவரில் சிறிய திசுத்திட்டு ஒன்று தானாகவே மின்துடிப்பை எழுப்புகிறது. சைனஸ் கணு என்று பெயர். 1907-இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் என்ற இருவர் இங்கிலாந்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜப்பானியரான சுனாவோ தவாரா, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இன்னொரு கணுவை விவரித்திருந்தார். அதன் வேலை தாமதப்படுத்துவது! வந்த மின்துடிப்பைச் சுமார் பத்தில் ஒரு நொடி நிறுத்தி வைத்துத்தான் கீழே அனுப்பும். அந்த இடைவெளியில் மேலறை தன் இரத்தத்தைக் கீழறைக்குள் ஊற்றி முடித்துவிடுகிறது. எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் சுருங்கினால் நிரம்பாத அறை வெறுமனே இறுகும்.

சைனஸ் கணுவை அதன் போக்கில் விட்டால், பதின்வயதில் நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டித் துடிக்கும். நீங்கள் எண்ணிப் பார்த்தால் 70, 80 என்று வருகிறதே? மீதியைப் பிடித்து நிறுத்துவது வேகஸ் நரம்பு. மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியாக இதயம், வயிறு வரை இறங்கும் நீண்ட நரம்பு இது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உங்கள் இதயம் பிரேக் பிடித்த நிலையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ரயிலைப் பிடிக்க ஸ்டேஷன் மேம்பாலப் படியில் ஓடும்போது, உடல் முதலில் செய்வது அந்தப் பிடியை விடுவது. அதனால்தான் முதல் சில படிகளிலேயே நாடி எகிறுகிறது. வேகம் கூட்டும் நரம்புகளும் அட்ரினலினும் அதற்குப் பின்புதான் முழுமூச்சில் இறங்கும்.

இந்த நரம்பு இதயத்திடம் எப்படிப் பேசுகிறது என்பதைக் கண்டவருக்கும் கனவில்தான் வழி கிடைத்தது. 1921-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி நள்ளிரவில் விழித்து, கனவில் வந்த சோதனையைக் கிறுக்கிவைத்துவிட்டுத் தூங்கினார். காலையில் அவர் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை. அடுத்த இரவும் அதே கனவு வந்தது. இம்முறை எழுந்து நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனார். உப்புக் கரைசலில் துடிக்கும் ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அந்தக் கரைசலை எடுத்து இரண்டாவது தவளை இதயத்தில் விட்டார். நரம்பே இணைக்கப்படாத அதுவும் மெதுவானது. நரம்பின் முனையிலிருந்து ஒரு வேதிப்பொருள் சுரக்கிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. 1936-இல் நோபல் பரிசு வந்தது.

வேகஸ் பிடிக்கும் பிரேக்குக்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது மாணவர் ஒருவரின் இதயத்தை அவருடைய பெற்றோர் தானம் செய்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் மருத்துவமனைக்கு, போலீசார் வழியெல்லாம் போக்குவரத்தை நிறுத்தித்தர, 11 நிமிடத்தில் இதயம் போய்ச் சேர்ந்தது. 9 வயதுச் சிறுமியின் மார்பில் அது துடித்தது. தமிழ்நாட்டின் உடலுறுப்பு தானத்துக்கு அந்த நாள் பெரிய திருப்பம். இதய மாற்றில் அறுவை மருத்துவர் இரத்தக்குழாய்களைத்தான் தைக்கிறார். வெட்டுப்பட்ட நரம்பைத் தைப்பதில்லை. ஆகவே பொருத்தப்பட்ட இதயம் பெரியவர்களிடம் ஓய்விலும் 90 முதல் 110 வரை துடிக்கும். படியேறினால் இரத்தத்தில் அட்ரினலின் வந்து சேரும்வரை காத்திருந்துதான் வேகமெடுக்கும்.

உங்கள் வேகஸ் வேலை செய்கிறதா என்று இப்போதே பார்க்கலாம். நாடியில் விரல் வைத்து, ஐந்து எண்ணும்வரை மூச்சை இழுங்கள், ஐந்து எண்ணும்வரை விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு நெருங்கும், விடும்போது விலகும். பயப்பட வேண்டாம். இளம் வயதில் இந்த ஏற்ற இறக்கம் நன்றாகவே தெரியும். நரம்பு விழிப்போடு இருப்பதன் அறிகுறி அது. தேர்வுக் கூடத்துக்கு வெளியே படபடப்பாக நிற்கும்போது மூச்சை நீளமாக வெளியே விட்டால் நெஞ்சு தணிவது இதனால்தான்.

இனி எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த விஷயம். இதயம் ஓய்வே எடுக்காத உறுப்பு என்று பாடம் படித்திருப்போம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 70 என்றால் ஒரு நாளில் 1,00,800 துடிப்பு. ஒவ்வொன்றிலும் கீழறை இறுகியிருப்பது சுமார் 0.3 நொடி. கூட்டினால் எட்டரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு: அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஷிஃப்ட்! மிச்சம் பதினைந்தரை மணி நேரம் அது தளர்ந்து கிடக்கிறது, ஒவ்வொரு முறையும் அரை நொடிக்கு மேல். இன்னொரு அதிசயம், இதயத்தின் இடது கீழறை தன் சாப்பாட்டை வாங்கிக்கொள்வது பெரும்பாலும் அந்த அரை நொடியில்தான். இறுகும்போது தன் தசைக்குள் ஓடும் குழாய்களைத் தானே நெரித்துவிடுகிறது. தளரும்போதுதான் இரத்தம் உள்ளே பாய்கிறது. துடிப்பு வேகமானால் சுருங்கும் நேரம் கொஞ்சம்தான் குறையும். வெட்டு விழுவது ஓய்வு நேரத்தில்தான்.

தினமும் ஓடி விளையாடும் பிள்ளைகளின் இதயம் இதை அருமையாகச் சமாளிக்கிறது. ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் தள்ளிய கீழறை, பயிற்சியில் விரிந்து 100 மில்லிலிட்டர் வரை தள்ளும். நிமிடத்துக்கு வேண்டிய ஐந்து லிட்டர் அப்போது 50 துடிப்பிலேயே கிடைத்துவிடும். ஓய்வுத் துடிப்பில் 10 குறைந்தாலே ஒரு நாளைக்கு 14,400 துடிப்பு மிச்சம். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஆடவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகப் பள்ளிப் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேர் அதைச் செய்வதில்லை என்பதும் அதன் கணக்குத்தான். மாலை டியூஷனுக்காக விளையாட்டை முதலில் வெட்டும் வீடுகள் இதை யோசிக்க வேண்டும்.

தூக்கமும் அப்படியே. நல்ல உறக்கத்தில் இரத்த அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கி, தமனிச் சுவருக்கு இளைப்பாற நேரம் தருகிறது. பருவ வயதில் தூக்கத்தை அழைக்கும் மெலடோனின் சுரப்பு பின்னிரவை நோக்கித் தள்ளிப்போகிறது. பதினொரு மணிக்கும் தூக்கம் வராதது சோம்பேறித்தனம் இல்லை, உடலின் கடிகாரம். ஆனாலும் 8 முதல் 10 மணி நேரத் தேவை குறையவில்லை. அந்தத் தாமதத்தின் மேல் போன் வெளிச்சத்தையும் ஏற்றினால் காலை ரயில் மன்னிக்காது.

கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை மருத்துவர்கள் திறந்து பார்த்து 1953-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேரின் இதயத் தமனிகளில் நோயின் தடம் இருந்தது. சிலருக்கு லேசான தடிப்பு, சிலருக்கு முழு அடைப்பே. நாற்பதுக்கு மேல் வரும் நோய் என்று நம்பியிருந்த மருத்துவ உலகம் திகைத்தது. புகையும் உப்பும் கொழுப்பும் வேலையைத் தொடங்குவது பதின்வயதிலேயே என்று பின்னால் வந்த ஆய்வுகளும் காட்டின. ஒரு நாளைக்கு மொத்த உப்பு ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராமுக்குள் என்பது வரம்பு. ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் எல்லாம் அதில் சேர்த்தி.

கெட்டுப்போன இதயச் செல்லுக்குப் பதில் புதிது வராதா? இதற்கு விடை சொன்னது அணுகுண்டு. 1963-க்கு முன் வல்லரசுகள் வானில் வெடித்த சோதனைக் குண்டுகளால் காற்றில் கார்பன்-14 பெருகி, பிறகு ஆண்டுதோறும் குறைந்துவந்தது. ஒரு செல் பிறக்கும்போது காற்றில் எவ்வளவு இருந்ததோ, அதே அளவு அதன் மரபுப்பொருளில் பதிந்துவிடும். 2009-இல் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தினர் அதை வைத்து இதயத் தசைச் செல்களின் பிறந்த ஆண்டைக் கணித்தார்கள். 25 வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஒரு செல்தான் புதிதாகிறது. 75 வயதில் அதிலும் பாதிக்குக் குறைவு. வாழ்நாள் முழுவதும் கூட்டினாலும் பாதிச் செல்கள்கூட மாறுவதில்லை.