ஒரு பேட்டைக்குச் சோதனை. இன்னொரு பேட்டைக்கு அறிவுரை

வினிகர் என்றால் நமக்குத் தெரிந்தது ஊறுகாய்க்கும் சைனீஸ் கடை நூடுல்சுக்கும் ஊற்றுகிற காடிதான். அந்தக் காடியைக் கொண்டே பெண்களின் கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டுபிடித்து, சாவைக் குறைக்கலாம் என்று காட்டிய ஆராய்ச்சி நாம் வாழும் இதே மும்பையில் நடந்தது.

1998-ல் தொடங்கியது. நடத்தியது பரேலில் உள்ள டாடா நினைவு ஆஸ்பத்திரி. பெயரில் டாடா இருந்தாலும் இது மத்திய அரசின் அணுசக்தித் துறையின் கீழ் உள்ள ஆஸ்பத்திரி. பணம் கொடுத்தது அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய்க் கழகம். ஆக, இரண்டு பக்கமும் பொதுப் பணம்.

முறை மிகவும் எளிது. கருப்பை வாயில் நீர்த்த காடியைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், கோளாறு உள்ள இடம் வெள்ளையாக மாறும். விளக்கு வெளிச்சத்தில் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். பார்த்தவர்கள் டாக்டர்கள் அல்ல. சில வாரப் பயிற்சி பெற்ற, பத்தாம் வகுப்புப் படித்த பெண்கள். மெட்ரிக்கோடு நின்ற என் போன்றவனுக்கு இதைப் படிக்கப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் கதையின் மறுபாதி அவ்வளவு இனிப்பாக இல்லை.

<b>இரண்டு பக்கம்</b>

20 குடிசைப் பகுதிகளை எடுத்துக்கொண்டு இரண்டாகப் பிரித்தார்கள். 35 முதல் 64 வயது வரை உள்ள பெண்கள். ஒரு பக்கம் 75,360 பேர். இவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை காடிச் சோதனை. மறுபக்கம் 76,178 பேர். இவர்களுக்குத் தொடக்கத்தில் ஒரு முறை புற்றுநோய் பற்றிய விளக்கம், அவ்வளவுதான். பிறகு எந்தப் பக்கத்தில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் கணக்கெடுத்தார்கள்.

2013-ல் முடிவு வெளிவந்தது. சோதனை நடந்த பக்கத்தில் இந்தப் புற்றுநோயால் சாவு 31 சதவீதம் குறைவு. உலகமே பாராட்டியது.

இதே நோய்க்கு மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்திலும், நம் திண்டுக்கல் மாவட்டத்திலும் இதே பாணியில் வேறு இரண்டு ஆராய்ச்சிகள் நடந்தன. மூன்றையும் சேர்த்தால், சோதனை செய்யப்படாத பக்கத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய 1 லட்சத்து 38 ஆயிரம் பேர். அவர்களில் 254 பேராவது இந்த நோயால் இறந்தார்கள் என்று எரிக் சூபா என்ற அமெரிக்க டாக்டர் கணக்குக் காட்டிக் கேள்வி எழுப்பினார். சோதனை நடந்த பக்கத்தில் யாருமே சாகவில்லை என்பதல்ல. ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு. ‘பாப் ஸ்மியர்’ என்ற சோதனை 1940-களிலேயே வந்துவிட்டது. அது பரவிய நாடுகளில் இந்தச் சாவு வெகுவாகக் குறைந்ததும் ஊரறிந்த விஷயம். சோதனை செய்தால் பலன் உண்டு என்பது தெரிந்த பிறகு, ஒன்றுமே செய்யாத ஒரு பக்கம் எதற்கு?

ஆராய்ச்சி செய்தவர்களும் சும்மா இருக்கவில்லை. ‘இந்தியாவில் ஏழைப் பெண்களுக்கு இந்தச் சோதனை எங்கே நடக்கிறது? எதுவும் இல்லாததுதான் இங்கே நடைமுறை. யாருக்கும் கிடைத்துக்கொண்டிருந்த எதையும் நாங்கள் பறிக்கவில்லை’ என்றார்கள். இதிலும் நியாயம் இருக்கிறது. 2016-ல் மத்திய சுகாதார அமைச்சகம் நாடு முழுவதற்கும் வகுத்த புற்றுநோய்ச் சோதனைத் திட்டத்தில் காடிச் சோதனை இடம்பெற்றது. மும்பைப் பெண்களால் நாட்டுக்குப் பலன் உண்டு.

என் மனதில் தைத்தது இன்னொன்று. அமெரிக்க அரசின் மனித ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகம் விசாரித்தபோது, மும்பையில் ஒப்புதல் வாங்கிய சமயத்தில் பெண்களுக்குத் தரப்பட்ட விவரம் போதாது என்று கண்டது. ‘வேறு சோதனை இருக்கிறது, வேண்டுமானால் வெளியே போய்ச் செய்துகொள்ளலாம்’ என்று புரியும்படி சொல்லியிருந்தால், அந்த 76 ஆயிரம் பேரில் சிலராவது போயிருக்க மாட்டார்களா? இருப்பதைத் தராதது ஒரு குறை. இருக்கிறது என்பதையே சொல்லாதது அதைவிடப் பெரிய குறை.

<b>முன்பும் நடந்தது</b>

இது முதல் தடவை அல்ல. 1976 முதல் 1988 வரை டில்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஓர் ஆய்வு நடத்தியது. கருப்பை வாயில் கோளாறு உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். அது புற்றுநோயாக மாறுகிறதா என்று, சிகிச்சை தராமல் கவனித்து வந்தார்கள். எழுத்து மூலம் ஒப்புதல் இல்லை. இதில் வேடிக்கை, மனிதர்களிடம் ஆராய்ச்சி செய்வதற்கான நெறிமுறையை இதே கவுன்சில் வெளியிட்டது 1980-ல். அதாவது இந்த ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே! ஊருக்கு உபதேசம் என்பது இதுதான். விஷயம் 1997-ல் பத்திரிகைகளில் வந்து சந்தி சிரித்தது. 2000-ல் விரிவான நெறிமுறை வந்தது.

அதன் பிறகும் 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், இதே நோய்க்கான தடுப்பூசியைச் சுமார் 14 ஆயிரம் சிறுமிகளுக்குப் போட்டார்கள். அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்றோடு கவுன்சிலும் இதில் கூட்டு. பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தைப் பல இடங்களில் விடுதி வார்டன் போட்டார். 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. கேட்ட விதம்தான் கெட்டது.

<b>இப்போது என்ன விதி?</b>

2017-ம் ஆண்டு நெறிமுறையின்படி, எந்த ஆராய்ச்சியும் முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற வேண்டும். குழுவில் 7 முதல் 15 பேர். தலைவர் அந்த நிறுவனத்தைச் சேராதவராக இருக்க வேண்டும். சேருகிறவருக்குப் புரியும் மொழியில் விளக்கம் தர வேண்டும். கைநாட்டு என்றால் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி வேண்டும். நடுவில் விலகினாலும் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. ஆராய்ச்சியால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது மொழி. இந்த ஊரில் மராத்தியிலோ, இந்தியிலோ, இங்கிலீஷிலோ ஒரு தாளை நீட்டுவார்கள். நர்ஸ் அவசரப்படுத்துவார். பின்னால் வரிசை நிற்கும். நம் தாய்மார்களும் எதற்கு வம்பு என்று போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ‘இது சிகிச்சையா, ஆராய்ச்சியா?’ என்று முதலில் கேளுங்கள். ஆராய்ச்சி என்றால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். வீட்டில் கலந்து பேச நேரம் கேளுங்கள். கையெழுத்திட்ட தாளின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் ரயில்வேயில் ஒரு சாக்குப் பார்சலுக்குக்கூட ரசீது தருகிறோம்.

இன்னொரு செய்தியும் உண்டு. நெறிமுறைக் குழுவில் பொதுமக்களில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அவருக்குப் பட்டம் தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரிந்திருந்து, மருத்துவத் துறையில் இல்லாதவராக இருந்தால் போதும். மும்பையில் நமக்குத் தமிழ்ச் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. பொங்கல் விழாவுக்கு ஆள் தேடுவதுபோல, இதற்கும் இரண்டு பேர் பெயரை அருகில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு எழுதிக் கொடுக்கலாம்.